ஐந்து நொடி தாமதம்

தெத் பண்டிகைக்குப் பதினொரு நாள் இருக்கையில்
ஸா டெக் ஊரில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இணையம் செத்துவிடும்.
எண்பத்தேழாவது புகார்:
லுயென், பூந்தோட்டம், கால்வாய்க்கு அக்கரை.
விலாசம் படித்தபோதே
தோளில் ஏணி ஒரு பக்கம் சாய்ந்தது.

அந்தக் குரல் எனக்குத் தெரியும்.
ஆறு மாதமாக இரவு ஒன்பதுக்கு
அவள் சாமந்தி விற்கும் நேரலையின் ஓரத்தில்
உட்கார்ந்திருப்பவன் நான்.
தெத் நெருங்க நெருங்கப் பகலிலும்.
பெயர்: நனைந்த தீப்பெட்டி.
எதுவும் வாங்கியதில்லை.
ஒரே ஒருமுறை இதயம் அனுப்பினேன்,
அதுவும் விரல் தவறி.
இன்று சட்டைப்பைக்குள் அவள் குரல் நின்றுபோய்ப்
பத்தாம் நிமிடம் இந்தப் புகார்.

வேலைக்குச் சேர்ந்த வருடம்
கம்பத்துக்கு இரண்டு வடம், ஒரு குருவி.
இப்போது குருவிக்கு இடமில்லை,
சிக்குப் பிடித்த தலைபோல் கம்பங்கள்.
செத்த வடத்தை யாரும் கழற்றுவதில்லை.
எதற்கு உயிர் இருக்கிறது என்று
இழுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்,
எங்கோ ஒரு வீட்டில் யாராவது கத்துவார்கள்.

பதினாறு வயதில்
மணிக்கு மூவாயிரம் டோங் கொடுத்து
தொவான் கடையின் பிளாஸ்டிக் முக்காலியில்
வாள் வீசிக்கொண்டிருந்தேன்.
வாசலில் அம்மா, கையில் செருப்பு.
அதே அம்மா இன்று
உப்பு டப்பாவில் போனைச் சாய்த்துவைத்துச்
சீனத் தொடர் பார்க்கிறாள்.
மீன் கருகினால் சிக்னலைத் திட்டுகிறாள்.
செருப்பை எடுக்க எனக்குத்தான் துணிவில்லை.

லுயென் வீட்டில் பூக்கள் தரையில் இல்லை.
பரண்மேல் தொட்டிகள், கீழே இடுப்பளவுத் தண்ணீர்,
இடையில் படகில் அவள்.
கொம்பில் கட்டிய போனின் திரையில்
வாய் திறந்தபடி உறைந்திருந்தாள்,
விலை சொல்லப்போன பாதியில்.

"சுறா மறுபடி கடல் வடத்தைக் கடித்துவிட்டதா?"
எல்லோரும் கேட்கும் கேள்வி.
"சுறா இல்லை. எலி."
கூரைக்கடியில் பல்தடம் காட்டினேன்.
மயிரினும் மெல்லிய கண்ணாடி இழை,
அதற்குள்தான் ஓடுகின்றன
அவளுடைய ஆயிரத்து இருநூறு தொட்டிகளும்
போன வருடத்துக் கடனும்.
வெட்டினேன், துடைத்தேன், இணைத்தேன்.
கை நடுங்கக் கூடாத வேலை.
நடுங்கியது.

மோடத்தில் பச்சை விளக்கு.
"கேட்கிறதா? யாராவது இருக்கிறீர்களா?"
என்றாள் போனைப் பார்த்து.

ஐந்து நொடி.

என் சட்டைப்பையிலிருந்து அவள்:
கேட்கிறதா? யாராவது இருக்கிறீர்களா?

ஒரு வாத்து மட்டும் பதில் சொன்னது.
திரையைப் பார்த்தாள். பார்வையாளர்: ஒருவர்.
என்னைப் பார்த்தாள்.
"தீப்பெட்டி?"
பையும் அதையே கேட்பதற்குள்
நான் இரண்டு முறை தலையாட்டியிருந்தேன்.

இந்த ஊரில் முக்கால்வாசி வீடுகளுக்கு
உலகத்தை இழுத்துக் கட்டியவன் நான்.
மோடம் வைக்கும் மூலையைத் தாண்டி
ஒரு வீட்டுக்குள்ளும் போனதில்லை.
சொல்ல நினைத்தேன்.
இதையெல்லாம் யார் கேட்டார்கள்?

அவள் சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை.
விற்பனைக்காரியின் முகம் வந்து உட்கார்ந்தது.
"ஆறு மாதம் சும்மா பார்த்தாச்சு.
ஜோடி நூற்று அறுபதாயிரம்.
கியூஆர் அந்தத் தூணில்."

பேரம் பேசவில்லை.

திரும்பும்போது ஏணிக்கும் வடச்சுருளுக்கும் நடுவே
இரண்டு தொட்டி, எல்லாம் மொட்டு.
கால்வாய்ப் பாலத்தில் ஏறி இறங்கியதும்
பை பேசத் தொடங்கியது:
"ஒரு ஜோடி இப்போதுதான் போனது.
தண்ணீர் காலையில் ஊற்றணும், ராத்திரி கூடாது.
வாங்கினவருக்குத்தான் சொல்கிறேன்."

அவள் அதைச் சொன்னது
ஐந்து நொடிக்கு முன்பு.
அப்போது நான்
இன்னும் அவள் கரையில்தான் இருந்தேன்.